மந்திரி கண்ட வெறுந்தறி



கல்வியின் மேன்மையைப் போற்றிப் பேசுவதே பட்டமளிப்பு மேடையின் சம்பிரதாயமாயினும், சிறு பிராயத்தில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதையைப் பட்டதாரிகளாகிய பின் இன்னொரு முறை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே நான் வந்திருக்கிறேன். டென்மார்க் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் வெளியிட்ட 'சக்கரவர்த்தியின் புதிய ஆடைகள்' என்பதே அது.

ஆடைப்பித்துக் கொண்ட ஓர் அரசனின் அகந்தைக் கதையென்றே உலகம் இதைக் கொண்டாடி வருகிறது. எனக்கோ, அவ்வரசனைவிட, மூடருக்கும் பதவிக்குத் தகாதவருக்கும் புலப்படாத துணியை நெய்வதாகச் சொன்ன வஞ்சகரின் நெசவைப் பார்த்துவர அவன் முதலில் அனுப்பிய வயோதிக மந்திரியே முக்கியமானவராகத் தோன்றுகிறார். நேர்மையாளரென்றும், தம் பதவிக்கு அவரினும் தக்கார் இலரென்றும் அரசனாலேயே மதிக்கப்பட்ட அம்மனிதர், வெறுந்தறியைக் கண்ணாரக் கண்டும், துணியொன்றும் தெரியவில்லையென்று சொன்னால் தம்மை மூடரென்றோ, உத்தியோகத்துக்கு யோக்கியதையற்றவரென்றோ எண்ணிவிடுவார்களே என்று அஞ்சி, வஞ்சகர் விவரித்த வண்ணங்களையும் சித்திர வேலைப்பாட்டையும் கவனமாகக் கேட்டுவந்து அரசனிடம் அப்படியே ஒப்பித்தார். நல்லவர் ஒருவர் சொன்ன அந்தப் பொய்தான் பின்வந்த பொய்களுக்கெல்லாம் ஜாமீனாக நின்றது.

இக்கதையின் மூலம் ஸ்பெயின் தேசத்து ஹுவான் மனுவேல் 1335இல் முடித்த 'லூகானோர் பிரபு' என்னும் நூலில் இருக்கிறது. அங்கே, தன் தந்தையென்று உலகம் கருதுபவருக்கு மெய்யாகவே பிறவாதவனின் கண்ணுக்குத்தான் துணி புலப்படாது. பிறப்பைப் பற்றிய அச்சமே எல்லோர் நாவையும் கட்டுகிறது. ஓடென்ஸ நகரில் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஆண்டர்சன், பிறப்பு இருந்த இடத்தில் பதவிக்குரிய தகுதியை வைத்தார். குலத்தாலன்றிக் கல்வியால் மனிதர் உயரத் தலைப்பட்ட காலத்தின் அச்சம் அது. இன்று தகுதிச் சான்று பெற்றுச் செல்லும் உங்களுடைய அச்சமும் அதுவாகவே இருக்கும்.

ஊர்வலம் வரும் அரசன் மேல் ஆடையே இல்லையென்ற உண்மையை உரைக்கும் குழந்தைகூட ஆண்டர்சனின் முதல் கையெழுத்துப்படியில் இல்லை. அச்சுப்படி திருத்தும் வேளையிலேதான் அவர் அம்முடிவைச் சேர்த்தார். பிற்காலத்தார் இக்கதையை எடுத்தாண்டபோது அவரவர் நாட்டு அரசனே அதில் வந்து நின்றான். ருஷ்ய நாடகாசிரியர் யெவ்கேனி ஷ்வார்ட்ஸ் 1934இல் எழுதிய 'நிர்வாண ராஜா', அவர் காலமாகி ஈராண்டுகள் கழித்து, 1960இல்தான் மாஸ்கோவில் மேடையேறியது. வங்கக் கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தியோ தம் 'உலங்க ராஜா' கவிதையில், கைதட்டும் கூட்டத்தினர் ஒவ்வொருவரும் எதற்காகத் தட்டுகிறார்களென்று ஆராய்ந்து, அந்தக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையைத் தேடுகிறார். அப்பெயர் தாங்கிய தொகுதிக்கு 1974இல் சாகித்திய அகாடமிப் பரிசு கிடைத்தது.

கவிஞரிடத்தில் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் நான் தேடுவது அம்மந்திரியை. இழப்பதற்கு உத்தியோகம் இல்லாத குழந்தை வீதியில் கூவிய பின்னும் ஊர்வலம் நிற்கவில்லை. மந்திரியோ தறியருகிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர்வலமே நடந்திராது. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் ஆராய்ச்சிக்கூடத்திலும் அவருடைய ஆசனத்தில் அமரப்போகிறவர்கள் நீங்கள். காணாததைக் கண்டேனென்று கையொப்பமிடச் சொல்லி எவரேனும் ஒரு காகிதத்தை நீட்டும் நாளில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.