செல்போனில் வந்தால் உண்மை ஆகிவிடுமா?



நான் பத்தாவது வரை படித்தவள். வீடு, மாடு, குழு இதுதான் என் உலகம். ஆனா இப்போ நம்ம எல்லார் கையிலும் செல்போன் இருக்கு. அதனால ரெண்டு வார்த்தை சொல்லணும்.

"மகளிர் குழுக் கடன் எல்லாம் தள்ளுபடி, யாரும் கட்ட வேண்டாம்" என்று எங்கள் குழு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூன்று பேர் இந்த மாதத் தவணை கட்ட மாட்டோம் என்றார்கள். ஊக்குநர் அக்கா, "வாங்க, பேங்க்லயே கேட்போம்" என்று கூட்டிப் போனார். அப்படி எந்த உத்தரவும் இல்லை என்றார் மேனேஜர்.

2021-ல் கூட்டுறவில் நிலுவையாக இருந்த குழுக் கடனை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது உண்மை. அந்தப் பழைய செய்தியைத்தான் தேதி இல்லாமல் சுற்ற விட்டிருக்கிறார்கள். நம்பி நிறுத்தியிருந்தால், தவணை தவறிய குழு என்று பெயராகி, அடுத்த கடன் எல்லாருக்கும் சிக்கலாகியிருக்கும்.

பணத்தையாவது திரும்ப சம்பாதிக்கலாம். உயிரை? 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் புரளி பரவியது. போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த வயதான அம்மா ஒருவர் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்து சந்தேகப்பட்டு அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தப் புரளியை அனுப்பியவர்களும் நம்மைப் போலப் பிள்ளை பெற்றவர்கள்தானே?

நம்ம குழுவில் ஒருத்தர் வாய்வார்த்தையை நம்பி கடன் கொடுக்கிறோமா? கூட்டத்தில் பேசி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறோம். செய்திக்கும் அப்படியே செய்வோம். யார் சொன்னது, எந்தத் தேதி, யாரிடம் கேட்டால் தெரியும் என்று பார்ப்போம். மேலே இரண்டு அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. "உடனே எல்லாருக்கும் அனுப்பு" என்றால் இன்னும் உஷாராக இருக்கணும். உதவித்தொகை தருவதாக லிங்க் வந்தால் தொடாதீங்க. ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

சந்தேகமான செய்தி வந்தால் வாரக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்க. கேட்கிறவளை யாரும் சிரிக்கக் கூடாது.