வெட்டினாலும் திரும்பி வரும் கட்டி

டெஸ்மாய்டு என்று ஒரு கட்டி. கிரேக்கத்தில் ‘டெஸ்மோஸ்’ என்றால் கட்டு, பட்டை. தசைநாண் மாதிரி விறைப்பாக இருப்பதைப் பார்த்து, 1838-ல் ஜெர்மனியின் யோகான்னஸ் முல்லர் வைத்த பெயர். புற்றுநோய் போல உடம்பெங்கும் பரவாது. ஆனால் இருக்கிற இடத்தில் சதைக்குள் வேர்விடும். அறுத்து எடுத்தாலும் பலருக்கு அங்கேயே மறுபடி தலைகாட்டும்.

வந்தால் திரும்பவும் வெட்டு என்பது பழைய வழக்கம். இப்போது பல மருத்துவர்கள் சொல்வது வேறு: அவசரம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். சில மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனிப்பார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க டாக்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றும், இல்லையா? 2018-ல் இந்தக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்த சோராஃபெனிப் மாத்திரையைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 33 சதவீதத்தினருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 20 சதவீதத்தினருக்குச் சுருங்கியது! அதாவது, சிலருக்குக் கட்டி தானாகவே சுருங்கிவிடும்; அதனால்தான் பொறுத்துப் பார்ப்பது.

வளர்ந்துகொண்டே போனால், வலி தாங்காவிட்டால் மருந்து. 2023 நவம்பரில் அமெரிக்கா நிரோகசெஸ்டாட்டை அனுமதித்தது. இந்த நோய்க்கென்றே அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. ஆய்வில் 41 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. போலி மாத்திரைக்கு 8 சதவீதம்தான். வயிற்றுப்போக்கு வரும். இளம்பெண்களுக்குச் சினைப்பையின் வேலை பாதிக்கப்படலாம். குழந்தை ஆசை இருப்பவர்கள் முதலிலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், வின்பிளாஸ்டின் ஊசிகளும் உண்டு. கட்டியை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் இடத்தைப் பொறுத்தது. கத்தியின் முறை பெரும்பாலும் அதற்கெல்லாம் பிறகுதான்.