குறியீட்டுக்கு வெளியே இறக்கும் குழந்தைகள்

என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஜமுனாமரத்தூரில் கூடியுள்ள இக்கருத்தரங்கின் தலைமையை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கிறது.

மருத்துவமனை நோய்க்குறியீடுகளைக் கொண்டு கைக்குழந்தைகளின் சுவாச வைரஸ் சுமையை அளப்பது நம் தலைப்பு. பன்னாட்டு நோய்க்குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி-10இல் ஜே21.0, ஜே12.1, ஜே20.5 மூன்றும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸைப் பெயர் சொல்லியே சுட்டுகின்றன. அவை பதிவான இடத்தில் பெரும்பாலும் வைரஸ் இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பருவ ஏற்ற இறக்கங்களைப் பின்வரும் அமர்வுகள் பேசட்டும். என் கவலை, குறியீடு விழாத இடங்களைப் பற்றியது.

ஜே21.0 பதிவாக வேண்டுமானால் குழந்தை மருத்துவமனைக்கு வர வேண்டும், யாராவது மூக்கில் மாதிரி எடுக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுமுன் முடிவு கைக்கு வர வேண்டும். பிராங்கியோலைட்டிஸுக்கு வழக்கமாக வைரஸ் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இல் அறிவுறுத்தியது. சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால் அது நியாயமே. ஆனால் அதே காரணத்தால், குறியீட்டு வரைபடத்தின் ஏற்றத்தில் எவ்வளவு வைரஸுடையது, எவ்வளவு பரிசோதனையுடையது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

இருபது நாள் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். “பால் இழுக்கல, மூச்சு விட்டு விட்டு வருது” என்கிறாள் தாய். இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பச்சிளங்குழந்தையிடம் ஆர்.எஸ்.வி. சில நேரம் இப்படித்தான் தலைகாட்டும். இரவுப் பணி மருத்துவர் செப்சிஸ் என்று எழுதி ஆன்டிபயாட்டிக் தொடங்குவார். அந்த நேரத்தில் அதுதான் சரி. ஆவணப் பிரிவில் அது பி36.9 என்ற செப்சிஸ் குறியீடாகிவிடும். பிறகு நாம் எத்தனை முறை தேடினாலும் அந்தக் கேஸ் ஷீட் சிக்காது.

இன்னும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. 2022இல் லான்செட் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆர்.எஸ்.வி.யால் நேர்ந்த இறப்புகள் 1,01,400. அவற்றில் மருத்துவமனைக்குள் நிகழ்ந்தவை 26,300. மிச்சத்துக்கு எந்த வார்டிலும் குறியீடு கிடையாது. மகாராஷ்டிரத்தின் மேல்காட் பழங்குடிக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்துதான் ஊருக்குள் போய், இறந்த குழந்தைகளிடமிருந்தும் மாதிரி எடுத்தார்கள். இந்த ஜவ்வாது மலையின் காவலூர் தொலைநோக்கியில் வேலை செய்பவர்கள், மங்கலான விண்மீன்களில் எத்தனை கருவிக்குத் தப்பும் என்று கணித்துத்தான் எண்ணிக்கையைத் திருத்துகிறார்கள். அதே மலையில் கூடியிருக்கும் நாம் அந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை.

அந்தத் திருத்தத்துக்கு ஒரு வழி, வீட்டாரிடம் கேட்டு இறப்புக் காரணத்தை அறியும் வாய்மொழி மரண விசாரணை. ஆனால் அதன் பெயரைச் சொன்னாலே, நான் மதிக்கும் சில நண்பர்கள் அது தரவாகாது என்று முன்பொரு கூட்டத்தில் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களுக்கு இன்று பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த விசாரணையால் வைரஸை அடையாளம் காண முடியாது, உண்மை. ஜே18.9 மட்டும் காண்கிறதா? வகை குறிப்பிடாத நிமோனியா என்ற அந்தக் குறியீட்டை உங்கள் கணக்கீட்டு மாதிரிகளில் தயக்கமின்றிச் சேர்க்கிறீர்கள். விலா உள்வாங்கியதா, பால் குடிப்பது எப்போது நின்றது, வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று தாய் சொல்லும் விவரத்தை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்? 2010இல் லான்செட்டில் வந்த இந்தியக் குழந்தை இறப்புக் காரணங்களின் தேசியக் கணக்கு இந்த முறையில்தான் எடுக்கப்பட்டது. ஐ.சி.டி.யே 1893இல் பெர்டியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததுதானே!

2023இல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் ஊசியும் அனுமதி பெற்றன. இங்கே அவை யாருக்கு முதலில் என்ற கேள்வி எழும்போது குறியீட்டுக் கணக்கை மட்டும் நீட்டினால், பி.சி.ஆர். கருவி உள்ள நகரம்தான் முன்னே நிற்கும். ஜவ்வாது மலையின் தாய்மார்களை அந்தப் பட்டியலின் அடியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பிற்பகல் அமர்வு முழுவதும் குறியீட்டுத் தேடல் முறைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைவர் என்ற உரிமையில் அதன் முதல் அரைமணியை, பின்வரிசையில் தங்கள் பதிவேடுகளோடு உட்கார்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தருகிறேன்.