அதிகபட்சம் எவ்வளவு போகும்?

(மேல்சித்தாமூர் இளைஞர் சந்திப்பில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு தேர்தல் பேசப்போறதில்லை. செல்போன்ல நடக்குற ஆப்ஷன் டிரேடிங் பத்திப் பேசறேன். இஞ்சினியரிங் முடிச்சு வேலை தேடின நேரத்துல அதுல 40,000 ரூபாய் விட்டவன் நான். அம்மா நகையை அடகு வெச்ச பணம்.

மல்லாட்டை பிடுங்கறதுக்கு முன்னாடியே மூட்டைக்கு இவ்வளவுன்னு வியாபாரிகிட்ட பேசி வெச்சா, விலை இறங்கினாலும் பயமில்லை. டெரிவேட்டிவ் பிறந்ததே இந்தப் பாதுகாப்புக்குத்தான். கையில மல்லாட்டையே இல்லாதவன் விலை மேல பணம் கட்டும்போதுதான் ஆபத்து.

2007-ல் டாலர் மதிப்பு சரிஞ்சு திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு வருமானம் குறைஞ்சது. ஈடுகட்டலாம்னு வங்கிகள் விற்ற ஒப்பந்தங்கள்ல பலர் கையெழுத்துப் போட்டாங்க. பனியன் வித்து வர்றது டாலர். பந்தயமோ சுவிஸ் பிராங்க் மேல! 2008 மார்ச்சுல ஒரு டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போச்சு. லாபத்துக்கு எல்லை இருந்த ஒப்பந்தத்துல நஷ்டத்துக்கு எல்லையே இல்லை.

கோவை ராஜஸ்ரீ சர்க்கரை நிறுவனம் இதுமாதிரி ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாதுன்னு ஆக்சிஸ் வங்கிக்கு எதிரா சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2008 அக்டோபர்ல அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆடிட்டர், வக்கீல் வெச்சிருக்கிற நிறுவனத்துக்கே இந்த நிலைமை.

அதுக்கு முந்தின மாசம், அடுத்தவங்க கடனுக்குக் காப்பீடு மாதிரி ஒப்பந்தம் வித்துச் சிக்கின ஏஐஜி நிறுவனத்தை அமெரிக்க அரசு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துக் காப்பாத்துச்சு. நம்மைக் காப்பாத்த யார் வருவா?

செபி கணக்கைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்கள்ல 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். தலைக்கு சராசரி சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல.

அதனால எவ்வளவு வரும்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நினைச்சதுக்கு நேர் எதிரா நடந்தா அதிகபட்சம் எவ்வளவு போகும்? அது போனா வீட்ல அடுப்பு எரியுமா? நமக்கு டிப்ஸ் கொடுக்கிறவருக்கு இதுல என்ன வருமானம்? பதில் தெரியலைன்னா பட்டனை அமுக்காதீங்க.

ஏற்கனவே விட்டவங்க, விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீங்க. வீட்ல சொல்லுங்க. நான் அம்மாகிட்ட சொல்ல எட்டு மாசம் ஆச்சு. திட்டினாங்க, அப்புறம் சோறு போட்டாங்க.



நண்பர்களுக்கும் பகிருங்கள் உறவுகளே!