வாய் திறந்தால்தான் வழி பிறக்கும்



கூட்டம் என்றாலே நம்மாளுங்க என்ன சொல்றாங்க? "தலைவர் பேசுவாரு, நாம கொட்டாவி விடுவோம்." கூட்டம் முடிஞ்சாலும் கூரை அப்படியேதான் ஒழுகுது.

யாழ்ப்பாணத்தில் கோவில்களில் புராணம் படித்துப் பொருள் சொல்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். நல்லூர் ஆறுமுக நாவலர் தமது 25ஆவது வயதில், 1847 டிசம்பர் 31ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கம் தொடங்கினார். பாதிரிமார் பேசுவதைப் போல, சனங்களைப் பார்த்து நேராகப் பேசினார். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் பேச்சு. 'நாவலர்' என்பதே அந்தப் பேச்சுத் திறமைக்கு 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம்.

நாமும் கூட்டத்துக்கு நாள் குறிப்போம். ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம். "கூரை மோசம்" என்றால் போதாது. எத்தனை காம்பரா, எந்த மாதத்திலிருந்து ஒழுகுது என்று எண்ணிச் சொல்லுங்கள். கொழுந்து எடுக்கிற பெண்களை முதலில் பேசச் சொல்லுங்கள். யார், என்றைக்கு, துரையிடம் போவது என்று எழுதிக்கொண்டு கலையுங்கள்.

"எனக்குப் பேச வராது" என்று ஒதுங்காதீங்க. உங்க கூரையைப் பற்றி உங்களை விட நல்லாப் பேச யாரால முடியும்?