பொது நிதி நிலைத்து நிற்க



வட்டியில்லாக் கடன் நிதியைத் தொடங்குவது எளிது, நிலைநிறுத்துவதே கடினம். ரமளானில் திரளும் நன்கொடையால் மட்டும் அது நிலைக்காது. வாங்கியவர் திருப்பித் தருவதால்தான் நிலைக்கும்.

கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் தர்மம் செய்ய நாடியபோது, மூலத்தை நிறுத்தி, அதன் பலனை வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை இதுவே.

நமது மாவட்டக் கடற்கரையிலும் ஒரு பாடம் உண்டு. முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கே மீனை விற்றுவந்த மீனவச் சகோதரர்கள், ஊர்தோறும் சங்கம் அமைத்தனர். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் குமரி மாவட்டச் சங்கங்களும் இணைந்தன. சங்கமே மீன் விற்பனையை நடத்தியது. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும் சேமிப்புக்கும் சங்கச் செலவுக்கும் பிடிக்கப்பட்டது. மீன் கிடைக்காத நாளில் பிடித்தமும் இல்லை.

வட்டியை விலக்கி, இவ்வொழுங்கை நாமும் மேற்கொள்ளலாம். தவணை அவரவர் வருமானத்திற்கேற்ப அமையட்டும். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் அளிப்பது திருக்குர்ஆனின் கட்டளை (2:280). ஆனால், வசதியிருந்தும் "ஜமாஅத் பணம்தானே" எனத் தாமதிப்பது அநீதியாகும். அடுத்துக் காத்திருக்கும் சகோதரியின் தையல் இயந்திரம் அந்தத் தவணையில் அடங்கியிருக்கிறது. ஜகாத் ஏழையின் உரிமை. அது திரும்பக் கேட்கப்படுவதில்லை. கடனோ அமானிதம்.

அமானிதம் பேணும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.