கருவி வந்தாற் போதுமா?



2013ஆம் ஆண்டில் நம் நாட்டின் க. பொ. த. உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. பொறியியல் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்னும் பாடங்கள் புகுந்தன. 2015இல் முதற் பரீட்சை நடந்தது. கிராமத்துப் பிள்ளைக்குப் புதுவழியொன்று திறந்தது, வரவேற்கின்றோம். ஆனால், அவ்வழியிற் கைபிடித்து அழைத்துச் செல்பவர் யார்?

சட்டப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒருவன் நியாயவாதி ஆகிவிடுவானா? அவ்வாறே, பல்மானியும் பற்றாசுக்கோலும் பெட்டியில் வந்திறங்குவதனால் மட்டும் இலத்திரனியற் கல்வி வந்துவிடாது. பற்றாசு பிடித்துக் கை சுட்டுக்கொண்ட ஆசிரியரே, மின்சுற்றில் பிழை எங்கே என்று மாணவனுக்குக் காட்ட வல்லவர். பழகாத ஆசிரியர், பழுதாகிவிடுமோ என்றஞ்சிக் கருவியை அலுமாரியிற் பூட்டிவைப்பார். குற்றம் அவருடையதன்று, பயிற்சி தராதவருடையது.

செலவு பெரிது என்பர் சிலர். 2005இல் இத்தாலியிலே தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையின் வரைபடம், எவரும் பார்த்துச் செய்யத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. மண்ணின் ஈரத்தை அறியும் உணரியை அதனோடு இணைத்தால், வெங்காயத் தோட்டத்துக்கு எப்போது நீர் இறைக்கவேண்டும் என்பதை உங்கள் மகனோ மகளோ அளந்து சொல்லலாம். தோட்டமே ஆய்வுகூடமாகும்!

ஆகவே நாம் கேட்பன மூன்று: ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஆசிரியருக்குச் செயன்முறைப் பயிற்சி, அப்பயிற்சி நாட்களுக்குக் கடமை லீவு, கம்பி, ஈயம், மின்கலம் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஆண்டுதோறும் பணம். இவை சலுகைகளல்ல. பாடத்தைப் புகுத்தியவர்கள் அப்பாடத்தோடு ஏற்றுக்கொண்ட கடமைகள். அவை நிறைவேறும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்!